மருத்துவிச்சி வீடு

“இதை ஏன் நீங்கள் வாங்கினியள்?”

“ஓவசியர் ஐயா நம்பித் தந்தவர். குடியேற்றத்திலை வேற ஆரிட்டையும் குடுக்கேல்லை, தெரியுமே?”

“நம்பிக் குடுக்கிறதுக்கு உள்ளுக்கை என்ன கிடக்கு? நாலு சுவர்தானே.”

“மருத்துவிச்சி வருமட்டும் கவனமா வைச்சிருக்கட்டாம். அவ வந்த உடனை அவவின்ரை கையிலை குடுக்கிறது.”

“அவ வராட்டில்?”

“வராட்டில் நீர் கேளும், உமக்குத் தாறன். ராசாத்தி மாதிரி உள்ளுக்கை போய் இரும்.”

சொல்லிவிட்டு யோகலிங்கம் சிரித்தான். வயலிலிருந்து வந்து கால் கழுவிய ஈரத்தோடு நின்று, பூட்டோடு வந்த அந்தப் பித்தளைத் திறப்பைப் பிள்ளையார் படத்துக்குக் கீழே ஆணியில் கொழுவினான். பத்மாசனியும் சிரித்தாள். அப்போது அவள் வயிற்றில் முதல் பிள்ளை.

அந்தப் பேச்சு நடந்து இரண்டு மாரி போய்விட்டது. ஆனாலும் அதில் ஒரு சொல்கூட அவளுக்கு மறக்கவில்லை. புருஷன் விளையாட்டாகச் சொன்னதைப் பெண் வினையாகவே எடுத்து வைத்துக்கொள்வாள். அவளும் வைத்துக்கொண்டாள், கேட்கவில்லை.

மருத்துவிச்சி வீடு அவர்களுடைய வளவுக்கு நேர் எதிரே, றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. சிவப்பு ஓடு, சீமெந்து நிலம், கட்டுக் கிணறு, பச்சை வர்ணம் பூசிய கதவு. அக்கராயன் குளத்துக்குக் கீழே வந்து குடியேறிய குடும்பங்களில் ஒன்றுக்காவது அப்படி ஒரு வீடு இல்லை. வீடு கட்டத் தருவதாகச் சொன்ன உதவியில் முதற்பகுதி வந்தது; சுவர்கள் நெஞ்சளவுக்கு எழும்பின; மிகுதி பாராளுமன்றச் சபையில் இருந்தது. சனங்கள் மேலே கிடுகைப் போட்டு மறைத்துக்கொண்டு குனிந்து போய் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் றோட்டின் பாதியும் சபையில்தான் இருந்தது. நுளம்புக்கு அடிக்கிற மருந்தும் சபையில். மருத்துவிச்சியும் சபையில். கொழும்பில் கடற்காற்று வாங்கியபடி நிற்கிற அந்தப் பெரிய கட்டிடத்துக்குள், அக்கராயனின் கூரையும் குழந்தைகளும் ஒன்றாக அடைபட்டுக் கிடந்தன.

வீட்டைக் கட்டியது காணி இலாகா. மருத்துவிச்சியை அனுப்ப வேண்டியது சுகாதார இலாகா. தங்களுக்குக் கையளிக்கப்படாத வீட்டுக்கு ஆள் அனுப்ப முடியாது என்றார்கள் இவர்கள். ஆள் வராத வீட்டைக் கையளிக்க முடியாது என்றார்கள் அவர்கள். இரு பகுதியும் படித்தவர்கள் ஆனபடியால் இந்தப் பதிலில் இரு பகுதிக்கும் குறை தெரியவில்லை.

இதற்கு மேலே இன்னொரு தடையும் இருந்தது. அது சனங்கள் தாங்களாகவே போட்டுக்கொண்டது. எம்.பி. வந்து ரிபன் வெட்டாமல் அந்த வாசற்படியை ஒருவரும் மிதிக்கக் கூடாது. குடிபூரலுக்கு முன்னால் புது வீட்டில் கால் வைப்பார்களா? அதைப் போலத்தான் இதுவும் என்று நினைத்தார்கள். குடிபூரலுக்கு ஐயர், இதற்கு எம்.பி. ஐயராவது சொன்ன நாளில் வருவார்.

யோகலிங்கம் வெள்ளிக்கிழமை தோறும் போய் விறாந்தையைக் கூட்டி, பச்சைக் கதவைத் துடைத்து, பூட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வருவான். உள்ளே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வடமராட்சியில் அவன் வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. தமையன்மார் கிளறிக்கல் உத்தியோகத்துக்குப் போனார்கள். இவன் சோதனையில் தவறி வீட்டில் நின்றான். போஸ்ற்மாஸ்ரரின் மகள் பத்மாசனியை அவர் சம்மதம் இல்லாமல் கட்டிக்கொண்டு வன்னிக் காட்டுக்கு வந்தவன் என்றுதான் ஊரில் அவனுக்குப் பெயர். அவளுக்குத் தாய்வீட்டுப் படலை அன்றைக்கே சாத்தியாயிற்று. அப்படிப்பட்டவனை நம்பி அரசாங்கம் கொடுத்த ஒரே பொருள் அந்தத் திறப்பு. அதைக் கேட்டால் அவன் ஒன்றில் மறுக்க வேண்டும், அல்லது தன் நாணயத்தை உடைக்க வேண்டும். இரண்டையும் அவனுக்குச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவு பிரியம்.

முதல் பிள்ளை மார்கழி மழையில் வந்தது. ஏரம்பரின் மாட்டு வண்டிலில் அவளை ஏற்றினார்கள். பச்சைக் கதவைத் தாண்டித்தான் வண்டில் போனது. உடைந்த மதகடியில் சில்லு புதைந்து நின்றபோது பிள்ளை பிறந்தது. அழவில்லை. யோகலிங்கம் தன் சட்டையைக் கழற்றி அதைச் சுற்றி எடுத்தான். திரும்பி வரும்போதும் வண்டில் அந்தக் கதவைத் தாண்டித்தான் வந்தது.

இப்போது இரண்டாவது. அதுவும் மாரியைப் பார்த்தே வந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் குளத்தடியில் ஒரு புதுக் கொட்டில் எழும்பியது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த தோமஸ் குளத்து மீன் பிடிக்கவும் கருவாடு விற்கவும் குடிசை போட்டான். அவன் மனைவி யூலிற்றா, கன்னியாஸ்திரிகளின் பிரசவ விடுதியில் கலியாணத்துக்கு முன்பு பல வருடம் வேலை செய்தவள். வந்த மாதத்திலேயே இரண்டு வீட்டில் பிள்ளை பிறப்பித்துவிட்டாள். வாய் பெரிது. குரல் அதைவிடப் பெரிது. ஒரு நாள் நேரே யோகலிங்கத்தின் முற்றத்துக்கு வந்து நின்றாள்.

“தம்பி, எதிர்வீட்டுத் திறப்பு உம்மட்டைத்தானாமே? எடும். இந்தப் பிள்ளைக்கு மாதம் கிட்டுது. உங்கடை வீட்டுக்குள்ளை ஒரு பக்கம் ஒழுகுது, மற்றப் பக்கம் ஊறுது.”

“அக்கா, உங்களுக்கு நியமனம் இல்லையே.”

“பிள்ளைக்கு அது தெரியுமே? என்ரை நியமனக் கடுதாசியைப் பாத்திட்டோ தலையை நீட்டும்?”

“அரசாங்கச் சொத்தக்கா. எம்.பி. வந்து திறந்த பிறகு…”

“அவர் வருமட்டும் இவ இறுக்கிக்கொண்டு இருக்கட்டோ?” யூலிற்றா பத்மாசனியின் பக்கம் திரும்பினாள். “எங்கடை வேதத்திலை மாட்டுக் கொட்டிலுக்கையும் ஒரு பிள்ளை பிறந்ததுதான், தங்கச்சி. ஆனால் அண்டைக்கு மழை பெய்ததெண்டு சுவாமி ஒருநாளும் பிரசங்கத்திலை சொல்லேல்லை.”

பத்மாசனி சிரித்துவிட்டாள். யோகலிங்கம் சிரிக்கவில்லை. “இந்த முறை சபையிலை எங்கடை விஷயம் வருது. எம்.பி. ஐயாத்துரை ஐயா சொன்னவர். இன்னும் கொஞ்ச நாள்” என்றான். அன்றிரவு படுக்கையில் கிடந்தபடி ஆணியில் தொங்கிய திறப்பைப் பார்த்தாள் பத்மாசனி. அவனுக்கும் நித்திரை வரவில்லை என்று தெரிந்தது. கேட்பதற்கு வாய் வரை வந்தது. அவன் கை தேடி வந்து அவள் வயிற்றில் தங்கியது. சொல் உள்ளே போய்விட்டது.

உண்மையாகவே சபையில் விஷயம் வந்தது. சங்கக்கடை வாசலில் யோகலிங்கம் பத்திரிகையை விரித்து எல்லோருக்கும் வாசித்தான். பெண்கள் கூப்பன் அரிசிக்கு நின்றபடி கேட்டார்கள்.

தொகுதி எம்.பி. ஐயாத்துரை கோட்டில் வழக்குப் பேசும் அப்புக்காத்து; எதிர்க்கட்சி. சுகாதார அமைச்சின் ஒதுக்கீட்டில் பத்து ரூபா வெட்ட வேண்டும் என்று அவர் பிரேரித்ததாகப் பத்திரிகை சொன்னது.

“நில், நில்” என்றார் ஏரம்பர், வண்டில்காரர். “எங்களுக்குத் தரச் சொல்லி அனுப்பின மனிசன் வெட்டச் சொல்லுறாரோ?”

“அது அங்கத்தை முறை, ஏரம்பண்ணை. வெட்டச் சொன்னால்தான் அதைப் பற்றிக் கதைக்க விடுவினம். கதைச்சு முடிய அவரே திருப்பி எடுத்திடுவார்.”

“எங்கடை மருத்துவிச்சியிலை பத்து ரூபா குறைஞ்சு போச்செண்டு சொல்லு.”

“இல்லையண்ணை!”

“உனக்கு விளங்காது. பத்து ரூபா குறைஞ்சால் பிறகு அந்தத் தொகை பத்தாது. பத்தாட்டில் அனுப்பமாட்டினம். அதுதான் இவ்வளவு காலமும் வரேல்லை.” கூட்டம் தலையாட்டியது. நாட்டை ஆளுகிறவர்கள் பேசுவதற்காகத்தான் வெட்டுகிறார்கள் என்பதை நம்புவதைவிட, ஏரம்பர் சொன்ன கணக்கு நம்பும்படியாக இருந்தது.

யோகலிங்கம் மேலே வாசித்தான். பக்கத்துத் தொகுதி எம்.பி. முருகேசம்பிள்ளை அரசாங்கப் பக்கம். அவரும் அப்புக்காத்து. வீட்டைக் கட்டியது காணி அமைச்சு என்றபடியால் மருத்துவிச்சியையும் காணி அமைச்சிடமே கேட்க வேண்டும் என்றார் அவர். மருத்துவிச்சி காணி அல்ல என்றார் ஐயாத்துரை. பத்திரிகை அடைப்புக்குறிக்குள் ‘சிரிப்பு’ என்று போட்டிருந்தது. பிறகு வன்னியிலா தங்கள் தொகுதியிலா பாம்பு அதிகம் என்று வேறு இரண்டு பேர் வாதாடினார்கள். மதிய போசனத்துக்குச் சபை கலைந்தது. சாப்பிட்டு வந்த பிறகு ஐயாத்துரைக்குக் குரல் தழுதழுத்தது. “கொட்டும் மழையில், மாட்டு வண்டியில், பெற்ற மகவைப் பறிகொடுத்த ஒரு தாயை நான் அறிவேன்” என்று அவர் சொன்னார்.

யோகலிங்கத்தின் குரல் நின்றது. அவன்தான் அவரிடம் அதைச் சொல்லியிருந்தான். அழுதுகொண்டு சொல்லியிருந்தான்.

“வாசியுங்கோவன்” என்றாள் பத்மாசனி.

“அவ்வளவுதான்.”

“கீழை கிடக்கு. நானும் பள்ளிக்கூடம் போனவள்தான்.” அவள் பத்திரிகையை வாங்கி மெதுவாக, தெளிவாக வாசித்தாள். “‘மாட்டையும் சுகாதார அமைச்சே பராமரிக்க வேண்டும் என்று அங்கத்தவர் கருதுகிறாரா?’ எண்டு முருகேசம்பிள்ளை கேட்டவராம். அடைப்புக்குறிக்குள்ளை சிரிப்பு. பலத்த சிரிப்பு.”

ஏரம்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டிடம் போய் நின்றார். “விஷயம் கவனத்தில் எடுக்கப்படும் என்று அமைச்சர் பதிலளித்தார். வெட்டுப் பிரேரணை வாபஸ் பெறப்பட்டது” என்ற கடைசி வரியையும் வாசித்துவிட்டு, பத்மாசனி பத்திரிகையை நாலாக மடித்துப் புருஷனிடம் கொடுத்தாள். அவன் வீடு வரும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஐயாத்துரை வருகிறார் என்று செய்தி வந்தது. ரிபன் வெட்டத்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வாழை கட்டினார்கள், தோரணம் இழுத்தார்கள், பச்சைக் கதவுக்கு முன்னால் நிறைகுடம் வைத்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கை வைத்த கதிரை வந்தது. யோகலிங்கம் ஒரு தாம்பாளத்தில் கத்தரிக்கோலையும் திறப்பையும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்றான். வெள்ளை வேட்டி, அவளே தோய்த்து மடித்தது.

பத்மாசனிக்கு விடிந்ததிலிருந்து இடுப்பும் நாரியும் உளைந்தன. பாயில் பெண்களோடு இருந்தாள். யூலிற்றா பக்கத்தில் வந்து குந்தி, சேலைக்கு மேலால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“எப்பயிருந்து?”

“விடியத் தொடங்கினது.”

“அவருக்குச் சொன்னனீரோ?”

“சொன்னால் தாம்பாளத்தைப் போட்டிட்டு வண்டில் பிடிக்க ஓடுவார்.”

“வண்டிலோ? அங்கை பாரும்.” குளத்துக்கு மேலே வானம் கறுத்து இறங்கியிருந்தது. “இண்டைக்கு இரவுதான், பிள்ளை. இனித் தூரமெல்லாம் போக ஏலாது.”

கார் பின்நேரம்தான் வந்தது. அதிலிருந்து முதலில் ஐயாத்துரை இறங்கினார். அடுத்ததாக முருகேசம்பிள்ளை இறங்கினார். சபையில் ஒருவரை ஒருவர் கிழித்த இருவரும் ஒரே காரில் வந்ததைச் சனங்கள் வாய் திறந்து பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீடாம், போகிற வழியாம். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒரே கிளப்பில் குடிப்பவர்கள். முன் ஆசனத்திலிருந்து பத்திரிகைப் படக்காரர் ஒருவரும் இறங்கினார்.

மாலை போட்டு முடிந்த பிறகு ஏரம்பர் வந்தார். வெற்றிலையில் வைத்துச் சுருட்டிய பத்து ரூபாத் தாளை இரண்டு கையாலும் நீட்டினார்.

“ஐயா, நீங்கள் வெட்டினது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து போட்டது. இதையும் வைச்சுத் தொகையை நிரப்பி, அந்த மனிசியை அனுப்பிவிடுங்கோ.”

ஐயாத்துரைக்கு விளங்கவில்லை. தேர்தல் நிதி என்று நினைத்தார் போலும். “உங்கள் அன்புக்கு நான் என்றும் அடிமை” என்று சொல்லித் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு பேசினார். சபையில் பேசியதையே பேசினார். தழுதழுத்த இடத்தில் தழுதழுத்தார். முருகேசம்பிள்ளை எழும்பி, தானும் வன்னி மக்களின் நண்பன் என்றும், காணி அமைச்சு கட்டிய இந்த அழகிய வீடே அதற்குச் சாட்சி என்றும் சொன்னார்.

“வீடு சாட்சி சரி. ஆள் எங்கே?” என்றார் ஐயாத்துரை.

“அதை உம்முடைய சுகாதாரத்திடம் கேளும்.”

“என்னுடைய சுகாதாரமோ? நான் எதிர்க்கட்சி ஐசே!”

பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று இருவரும் சபையைத் திரும்ப நடத்தினார்கள். இடையிடையே ஒருவருக்கொருவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு விஷயத்தில் மட்டும் உடனே ஒத்துப்போனார்கள்: இன்றைக்குத் திறப்பதில்லை. ஆள் வராமல் திறந்தால் நல்ல பெயர் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஐயாத்துரைக்குக் கவலை. அமைச்சர் வராமல் திறந்தால் நல்ல பெயர் ஐயாத்துரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று முருகேசம்பிள்ளைக்குக் கவலை. வருகிற வருட ஒதுக்கீட்டில் பார்த்து, அமைச்சரையும் அழைத்து, சிறப்பாகச் செய்வோம் என்றார்கள். சனங்கள் கை தட்டினார்கள். கை தட்டுவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஐயாத்துரை தாம்பாளத்திலிருந்து திறப்பை எடுத்து, படக்காரர் பக்கம் ஒருமுறை காட்டிவிட்டு, யோகலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“கவனமா வைச்சிரும், யோகலிங்கம். உம்மை நம்பித்தான் இந்த வீடு நிக்குது.”

முன்பெல்லாம் அந்தச் சொல்லுக்கு அவன் முகம் மலரும். இன்றைக்கு அவன் மூடிய தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். முதல் மழைத்துளிகள் தோரணத்தில் விழுந்தன.

“ஒரு படம் எடுப்பம், ஐயா” என்றார் படக்காரர். “வன்னித் தாய் ஒருத்தி பக்கத்திலை நிண்டால் நல்லாயிருக்கும்.”

ஐயாத்துரையின் கண் பாயில் இருந்த பெண்கள் மேல் ஓடி, பெரிய வயிற்றில் வந்து நின்றது. “யோகலிங்கம், இவதானே உம்மடை மனிசி? அந்த வண்டில்…” அவர் கூட்டத்தை நோக்கிக் கையை விரித்தார். “பெருமக்களே, நான் பாராளுமன்றத்திலே குறிப்பிட்ட அந்தத் தாய் இவர்தான்!”

மறுபடியும் கை தட்டல். யூலிற்றா எழும்பி, இடுப்பில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்: “உங்களுக்குப் படம் பிடிக்க இவ வேணும். இவவுக்குப் பிள்ளை பிடிக்க ஒரு நனையாத இடம் வேணும். அதைப் பற்றியும் ரண்டு பேரும் ஒருக்காச் சண்டை பிடியுங்கோவன்.”

“ஆரிந்தப் பொம்பிளை?” என்றார் முருகேசம்பிள்ளை.

“கருவாட்டுக்காரி ஐயா” என்றது ஒரு குரல்.

பத்மாசனி யூலிற்றாவின் தோளைப் பிடித்து எழும்பினாள். ஒரு நோ வந்து போகும்வரை நின்றாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். நாலு பேருக்கு முன்னால் அவள் புருஷனோடு ஒரு சொல் பேசி எவரும் கேட்டதில்லை. ஐயாத்துரை தலைமயிரைக் கோதிவிட்டுப் படக்காரரைப் பார்த்தார். முருகேசம்பிள்ளை மற்றப் பக்கத்தில் இடம் பிடித்தார். படம் நன்றாக வரும் என்று இருவருக்கும் தெரிந்தது.

“பயப்படாதையும் தங்கச்சி” என்றார் ஐயாத்துரை, குனிந்து, சந்தனம் மணக்க. “என்ன வேணுமெண்டாலும் கேளும். இண்டைக்கு ரண்டு எம்.பி.மார் உமக்கு முன்னாலை நிக்கிறம்.”

“கேளும், கேளும்” என்றார் மற்றவர்.

அவள் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளியால் பார்த்தாள். அங்கே யோகலிங்கம் நின்றான். மழை அவன் முகத்தில் இறங்கியது. அவளுடைய நெற்றி வியர்வையையும் கடித்த உதட்டையும் கண்டு, அவனுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. அவன் கை மெல்லத் திறந்துகொண்டிருந்தது.

“இஞ்சாருங்கோ,” என்றாள் பத்மாசனி, “நான் கேட்டால் தாறன் எண்டு சொன்னனீங்கள். கேக்கிறன். அந்தத் திறப்பை என்னட்டைத் தாங்கோ.”